கோழிச்செள்ளு விவசாயிகள்

இந்தோனேசியாவில் அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலம் வைத்திருப்பவரை அரசாங்கக் கணக்கெடுப்பிலேயே 'பெத்தானி குரெம்' என்றுதான் எழுதுகிறார்கள். பெத்தானி என்றால் விவசாயி. குரெம் என்பது கோழி இறகுக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமே, கண்ணுக்குச் சரியாகவே தெரியாத அந்தச் செள்ளு. கேலிப்பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் புள்ளிவிவர அட்டவணையில் தலைப்பாகவே அச்சாகிறது. 2013 விவசாயக் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட குடும்பங்கள் 1 கோடியே 42 லட்சம் இருந்தன, 2023 கணக்கெடுப்பில் 1 கோடியே 69 லட்சத்தைத் தொட்டுவிட்டன. நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்களில் 100க்கு 60 இப்போது செள்ளுதான்.

இந்தோனேசிய கிராமம் என்று பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. சுமத்ராவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஊர் வேறு, பாப்புவா மலைக்குள் இருக்கிற ஊர் முற்றிலும் வேறு. அதனால் நான் ஜாவாவின் நெல் கிராமத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் யோக்யகர்த்தா, மத்திய ஜாவா பக்கத்துச் சமவெளிக் கிராமத்தை. நாட்டின் நிலப்பரப்பில் ஜாவா வெறும் 7 சதவீதம், ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி 56 சதவீத மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள், 15 கோடிப் பேர். 1815ல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் ஆட்சியில் எடுத்த கணக்கு 45 லட்சம்தான் சொன்னது. அதே மண், அதே எரிமலைச் சாம்பல் உரம், தலை மட்டும் 30 மடங்குக்கு மேல். எல்லாரையும் எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், ஒரே பதில் பங்கு. நிலத்தைப் பங்கு போட்டார்கள், வேலையைப் பங்கு போட்டார்கள், அறுவடையைப் பங்கு போட்டார்கள், கடைசியில் அரசு கொடுத்த இலவச அரிசியைக்கூடப் பங்கு போட்டார்கள். இது பெருந்தன்மை என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேறு வழி இல்லாத இடத்தில் பழகிப்போன ஏற்பாடு, அவ்வளவுதான்.

முதலில் ஊர் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வீடுகள் நெருக்கமாக ஒரு தோப்புக்குள் இருக்கும், வெளியே சுற்றிலும் வயல். வீட்டைச் சுற்றி இருக்கிற கொல்லையை 'பெக்காராங்கான்' என்கிறார்கள். தென்னை, வாழை, மரவள்ளி, பப்பாளி, கீழே கீரை, ஒரு மூலையில் ஆட்டுக் கொட்டில். ஆடு சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அடுத்தவர் ஆட்டை வளர்த்துக் கொடுத்துவிட்டுக் குட்டியில் பங்கு வாங்கிக்கொள்வார்கள், நம் ஊரில் வாரத்துக்கு ஆடு வளர்ப்பது மாதிரியேதான். சமையலறையில் பச்சை நிற 3 கிலோ காஸ் சிலிண்டர், உருவத்தைப் பார்த்து அதற்கு 'மெலோன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2007ல் மண்ணெண்ணெயை ஒழிக்க அரசு கொண்டுவந்தது அது. பக்கத்திலேயே விறகடுப்பும் இருக்கும், காஸ் தீர்ந்தால் இருக்கட்டும் என்று. அப்புறம் டெம்பே, புளிக்கவைத்த சோயாக் கட்டி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அது இல்லாத நாளே கிடையாது. ஜாவாவின் சொந்த உணவு என்று பெருமையாகச் சொல்வார்கள், அதற்கான சோயா பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது.

இரவானால் வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். முன்பெல்லாம் மூங்கில் குப்பி அல்லது தகரம், இப்போது வெட்டின பிளாஸ்டிக் பாட்டில். வீட்டுக்காரர் அதில் ஒரு சிட்டிகை அரிசி போட்டுவைப்பார். நள்ளிரவில் ஊர்க்காவல் முறைக்காரர்கள் நாலைந்து பேர் டார்ச்சோடு வீடு வீடாக வந்து அதைப் பையில் கொட்டிக்கொண்டு போவார்கள். டப்பாவில் அரிசி இருந்தால் வீட்டில் எல்லாரும் நலம் என்று அர்த்தம், காவல்காரர் ஒழுங்காக வந்தார் என்பதற்கும் அதுதான் சாட்சி. நம் பிடியரிசி மாதிரி இதற்கு 'ஜிம்பித்தான்' என்று பெயர், இரண்டு விரலால் கிள்ளி எடுப்பது என்று பொருள். சேர்ந்த அரிசியை விற்றுத் தெரு விளக்கு, சாவு வீட்டுச் செலவு, பந்தல் சாமான் என்று ஊருக்குச் செலவு செய்வார்கள். இப்போது பல ஊர்களில் அரிசி போய் 500 ரூபியா நாணயம் வந்துவிட்டது, நம் காசுக்கு 3 ரூபாய் கூடத் தேறாது.

இந்தக் காவல் முறையைப் போடுவது 'ஆர்.டி.' என்ற தெருக்குழு. சில பத்து வீடுகளுக்கு ஒரு ஆர்.டி., பல ஆர்.டி. சேர்ந்து ஒரு ஆர்.டபிள்யூ. பழங்காலத்து ஜாவா வழக்கம் போலத் தெரியும், உண்மையில் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் ஆண்டபோது தன் நாட்டிலிருந்து கொண்டுவந்த அண்டைவீட்டுக் குழு முறை இது. மக்களைக் கண்காணிக்கவும் நெல்லைப் பறிக்கவும் வைத்தது. போர் முடிந்து அவன் போனான், குழு தங்கிவிட்டது. அடையாள அட்டை, பிறப்புச் சான்று, உதவித்தொகை என்று எதற்குப் போனாலும் நெடுங்காலம் முதல் கையெழுத்து ஆர்.டி. தலைவருடையதாகத்தான் இருந்தது.

அதே ஜப்பான் காலத்தில் வெட்டியதுதான் யோக்யகர்த்தாவின் மத்தாராம் வாய்க்கால், பிரோகோ ஆற்றையும் ஓபாக் ஆற்றையும் இணைப்பது, 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஊர் ஆட்களைக் கட்டாய வேலைக்கு வெளியே இழுத்துப் போகாமல் தடுக்க, இங்கேயே ஒரு வாய்க்கால் வேலை இருக்கிறது என்று சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ ஜப்பான்காரர்களைச் சம்மதிக்க வைத்தார் என்று சொல்கிறார்கள். வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிட 'உலு உலு' என்று ஓர் ஆள், நம் நீர்பாய்ச்சி மாதிரி. இவருக்கும் ஊர்த்தலைவருக்கும் மற்ற ஊர் அதிகாரிகளுக்கும் சம்பளத்துக்குப் பதில் நிலம் கொடுத்துவைப்பது ஜாவாவின் பழைய வழக்கம். 'பெங்கோக்' நிலம் என்பார்கள், அச்சு அசலாக நம் ஊர் மானியம். ஊரிலேயே நல்ல வாய்க்கால்பாசன நிலம் எது என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் காட்டுவார்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

சரி, நெல்லுக்கு வருவோம், இந்தக் கதையின் நடுமுடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் இருப்பது போல ஜாவாவில் கபா, பெராஸ், நாசி. வயலில் நிற்கும் பயிருக்குத் தனியாகப் பாடி. பழைய நாட்டு ரகங்கள் உயரமானவை, கதிர்கள் ஒரே சமயத்தில் பழுக்காது. அதனால் அரிவாள் போட முடியாது, பழுத்த கதிரை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அதற்கு 'ஆனி ஆனி' என்று ஒரு கருவி, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பலகை, அதன் விளிம்பில் ஒரு தகடு. நெல்தாய் தேவி ஸ்ரீ பயந்துவிடக் கூடாது என்று கத்தியைக் கைக்குள் மறைத்துவைத்து அறுப்பதாக நம்பிக்கை. அறுப்பது பெண்கள்தான். யார் வேண்டுமானாலும் வரலாம், வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. வயல்காரர் பாடு திண்டாட்டம், ஒரு சின்ன வயலில் நூறு பேர்கூட இறங்கிவிடுவார்கள். அறுத்ததில் 8ல் ஒன்று, 10ல் ஒன்று என்று இடத்துக்கு ஏற்ப கூலியை நெல்லாகவே வாங்கிக்கொண்டு போவார்கள், சொந்தக்காரி என்றால் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். இந்தக் கூலிக்கு 'பாவோன்' என்று பெயர். நிலமே இல்லாத குடும்பத்துக்கு வருஷத்துச் சோற்றில் ஒரு பெரிய பகுதி இந்த வழியில் வந்துகொண்டிருந்தது.

1960களின் கடைசியில் ஐஆர் எட்டு வந்தது. நம் ஊரிலும் அதே காலம்தான், அதே நெல்தான். அதன் தாய்வழி ரகமான 'பேத்தா' ஜாவாவில் உருவானது என்பதால் அங்கே அதைப் 'புதிய பேத்தா' என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். குட்டைப் பயிர், ஒரே சீராகப் பழுக்கும், மணி எளிதில் உதிரும். அரிவாள்தான் சரி. அரிவாள் வந்தால் நூறு பெண்கள் வேண்டாம், பதினைந்து ஆண்கள் போதும். அதோடு சேர்ந்து 'தெபாசான்' பரவியது. அதாவது அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு வியாபாரி வரப்பில் நின்று பார்த்துப் பயிரை வயலோடு விலை பேசி முடித்துவிடுவார், பிறகு அவருடைய ஆட்கள் வந்து அறுத்துக்கொண்டு போவார்கள். வயல்காரருக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. தெருவில் எல்லாரையும் வரச் சொல்லி வளர்ந்தவர், இப்போது 'வராதே' என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, வியாபாரி சொல்லிக்கொள்வார். வியாபாரி வெளியூர்க்காரர், அவருக்கு எந்த அத்தையும் எந்தச் சித்தியும் இந்த ஊரில் கிடையாது. அதே வருஷங்களில் நெல் அரைவை இயந்திரங்களும் வந்து உரல் உலக்கை வேலையை எடுத்துக்கொண்டன. அதுவும் பெண்கள் வேலைதான்.

இவ்வளவு நடந்தபோது ஏன் யாரும் சத்தம் போடவில்லை? போடக்கூடிய ஆட்கள் இல்லை. 1960ல் வந்த சட்டங்கள் வாரக் குத்தகைக்கு விதி வகுத்தன, நிலத்துக்கு உச்சவரம்பும் வைத்தன. அமலாக்கம் இழுத்தடித்ததால் கம்யூனிஸ்டுகளின் விவசாயிகள் சங்கம் 1963, 64ல் நிலத்தில் தானே இறங்கியது. 1965 அக்டோபருக்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி நடத்திய படுகொலைகளில் 5 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் இறந்தார்கள், மத்திய ஜாவா, கிழக்கு ஜாவா, பாலி கிராமங்களில்தான் அது மிகக் கொடூரமாக நடந்தது. அதற்கப்புறம் 'நிலச் சீர்திருத்தம்' என்ற சொல்லைச் சொல்வதே ஆபத்து. அடுத்து வந்த அதிபர் சுகர்த்தோ காலத்தில் தேர்தல் வந்தால் ஒழியக் கட்சிகளே கிராமத்துக்குள் வர முடியாது. பசுமைப் புரட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் விதை, உரம், தண்ணீர் என்று மட்டும் எழுதுவார்கள், அந்த மௌனத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

விளைச்சல் கூடியது என்பதில் சந்தேகமே இல்லை. 1984ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அறிவித்தது. நடுவில் புகையான் பூச்சி வந்து லட்சக்கணக்கான ஹெக்டேரைக் காயவைத்தது, மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியது, ஏனென்றால் அதைத் தின்கிற சிலந்தியும் வண்டும் முதலில் செத்தன. 1986ல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து அதிபர் உத்தரவு வந்தது. பிறகு விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சியை எண்ணச் சொல்லிக்கொடுத்த வயல்வெளிப் பள்ளிகள். உலகத்துக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது அது. இன்றைக்கு உரக்கடைக்குள் போனால் மருந்து டப்பாக்கள் மறுபடியும் வரிசையாக நிற்கின்றன.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் ஹெக்டேர், நம் அளவில் 62 சென்ட். ஈரநெல்லாக ஒன்றரை டன் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம், அது நல்ல விளைச்சல்தான். 2025 தொடக்கத்திலிருந்து அரசு கொள்முதல் விலை கிலோ 6,500 ரூபியா, நம் காசுக்குச் சுமார் 35 ரூபாய். மொத்தம் 97 லட்சத்து 50 ஆயிரம் ரூபியா. லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம், இந்திய ரூபாயில் 52 ஆயிரம் சொச்சம். உழவு, நடவு, உரம், அறுவடை எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வைத்தால் கையில் 48 லட்சம் ரூபியா நிற்கும். நாலு மாதத்துக்கு அது, அப்படியானால் மாதம் 12 லட்சம். யோக்யகர்த்தா மாகாணத்தின் 2025 குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 22 லட்சத்து 64 ஆயிரம், நாட்டிலேயே குறைவான சம்பளங்களில் ஒன்று அது. அதில் பாதிதான் இந்த விவசாயிக்கு, அதுவும் நிலம் சொந்தமாக இருந்தால். வாரத்துக்கு எடுத்திருந்தால் 'மாரோ', அதாவது பாதிக்குப் பாதி. மண் நன்றாக இருந்து, எடுக்க ஆள் நிறைய இருந்தால் 'மெர்த்தெலு', உழுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

அதனால் ஜாவாவில் விவசாயி என்ற சொல்லை நம்பிக் குடும்பத்தைக் கணிக்கக் கூடாது. காலையில் வயல், பத்து மணிக்குக் கட்டட வேலை, மனைவி சந்தையில் டெம்பே விற்கிறார், பையன் பட்டணத்தில் பைக் டாக்சி. வயலில் நிற்பவர் பெரும்பாலும் தலை நரைத்தவர். பிள்ளைகள் படித்துவிட்டார்கள். 1973ல் தொடங்கி ஆறு வருஷத்துக்குள் 61,000க்கும் மேல் தொடக்கப் பள்ளிகள் கட்டிய நாடு அது, எண்ணெய்ப் பணத்தைச் செலவழித்ததில் அதைவிட உருப்படியான காரியம் சுகர்த்தோ செய்ததாக எனக்குத் தெரியவில்லை. படித்த பிள்ளை சேற்றில் இறங்க மாட்டான், அப்பாவும் இறங்கச் சொல்ல மாட்டார்.

பெண்கள் போன தூரம் இன்னும் அதிகம். போனோரோகோ, சிலாசாப், இந்திராமாயு போன்ற மாவட்டங்களின் கிராமங்களில் ஹாங்காங், தைவான், மலேசியா, சவூதி என்று வீட்டு வேலைக்குப் போகாத தெரு இருக்காது. ஹாங்காங்கில் மட்டும் இந்தோனேசிய வீட்டு வேலையாட்கள் ஒன்றரை லட்சம் அளவில் இருக்கிறார்கள், கிட்டத்தட்ட அத்தனை பேரும் பெண்கள். ஊருக்குள் நடந்தால் எந்த வீட்டில் அம்மா வெளிநாட்டில் என்று கேட்காமலே தெரியும், தரையில் ஓடு பளபளக்கும், முன்னால் தூண்கள் இருக்கும், திண்ணையில் பாட்டி பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார்.

வருகிற பணம் எங்கே போகிறது என்றால், நம்ப மாட்டீர்கள், நிறைய மொய்க்குப் போகிறது. கிழக்கு ஜாவாவில் 'புவோ', மத்திய ஜாவாவில் 'ஞும்பாங்'. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதிவைத்து அதே அளவுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். ஜாவானியர்கள் சூரோ மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஹஜ் மாதமான பெசாரில் வரிசையாக வைப்பார்கள். அந்த மாதத்தில் கூலிக்காரக் குடும்பம் கடன் வாங்கித்தான் மொய் எழுதும். கடனுக்குக் கிராம வங்கிக் கிளை இருக்கிறது, பெண்களின் 'அரிசான்' குலுக்கல் சீட்டு இருக்கிறது, இரண்டும் கைகொடுக்காவிட்டால் பைக்கில் வரும் தண்டல்காரர் இருக்கிறார். அவருக்கு 'பேங்க் ப்லெசித்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், பேருக்குத்தான் பேங்க்.

பங்கு போடும் பழக்கம் அரசை எப்படிப் படுத்தியது என்று ஒன்று சொல்ல வேண்டும். 1998 நெருக்கடியில் தொடங்கிய மானிய அரிசித் திட்டம் பின்னாளில் 'ராஸ்கின்' ஆனது, ஏழை வீட்டுக்கு மாதம் 15 கிலோ. பட்டியலை ஜக்கர்த்தா அனுப்பியது. ஊர்த்தலைவர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தார், ஆளுக்கு நாலைந்து கிலோ. 'பாகி ரோத்தோ', சரிசமப் பங்கு, அதைச் சுருக்கி 'பாகித்தோ'. பொருளாதார நிபுணர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், உதவி சேர வேண்டியவருக்குச் சேரவில்லை என்று. உண்மைதான், சேரவில்லை. ஆனால் ஊர்த்தலைவரின் கணக்கு வேறு. நாளைக்கு வாய்க்கால் தூர்வார எல்லாரும் வர வேண்டும், காவல் முறைக்கு எல்லாரும் வர வேண்டும், அரிசி கிடைக்காத வீட்டுக்காரன் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருவானா? 2005ல் பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டு மாதம் ஒரு லட்சம் ரூபியா பணமாகக் கொடுத்தபோது பிரிக்க வழியில்லை, பெயருக்கே பணம். பல ஊர்களில் தலைவர் வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

2015லிருந்து 'டானா தேசா' என்று நாட்டின் 75,000 கிராமங்களுக்கும் நேரடியாக நிதி வருகிறது. 2024ல் மொத்தம் 71 லட்சம் கோடி ரூபியா, ஊருக்குச் சராசரி 94 கோடி, இந்தியப் பணத்தில் அரைக்கோடி. ஊர் அலுவலகத்துக்கு வெளியே பெரிய பேனரில் வரவு செலவை அச்சடித்துத் தொங்கவிடுகிறார்கள். இது நல்ல பழக்கம், நம் பஞ்சாயத்துகளும் செய்யலாம். செலவு கண்ணுக்குத் தெரிகிறது: சிமெண்டுப் பாதை, வாய்க்கால் கரைச்சுவர், மருத்துவச்சிக்கு ஒரு கட்டடம், மாதம் ஒரு முறை குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிற இடத்துக்குப் பால், முட்டை. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 2018ல் 30.8 சதவீதம், 2023ல் 21.5. குறைந்திருக்கிறது, அப்பவும் ஐந்தில் ஒன்று. கூடவே தலைவர் பதவிக்குக் கிராக்கி ஏறி ஓட்டுக்குக் காசும் ஏறியது. 2024ல் தலைவர்களே போராடிப் பதவிக்காலத்தை 6லிருந்து 8 வருஷமாக்கிக்கொண்டார்கள்.

கடைசியாக அந்த 62 சென்ட். அப்பா போனபின் அதை என்ன செய்வார்கள்? இஸ்லாமிய முறைப்படி ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. இதற்கு ஜாவானியர்கள் ஒரு படம் வைத்திருக்கிறார்கள்: ஆண் காவடித் தடியில் இரண்டு கூடை தூக்குகிறான், பெண் முதுகில் ஒரு கூடை. பாதி ஊர் அதைப் பின்பற்றுகிறது, மீதி ஊர் அதை ஒப்புக்குச் சொல்லிவிட்டுச் சமமாகவே பிரித்துக்கொள்கிறது. நாலு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு 15 சென்ட் சொச்சம். அதில் தனியாக வரப்புப் போட்டுப் பயிர் வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. தைவானில் இருக்கும் மகள் தம்பி பங்கை வாங்கிவிடுவாள், ஜக்கர்த்தாவில் இருக்கும் மூத்தவன் விற்கவும் மாட்டான் வரவும் மாட்டான், நோன்புப் பெருநாளுக்கு மட்டும் வருவான். உழுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர், சொந்த நிலம் இல்லாதவர், மாரோவுக்கு எடுத்திருக்கிறார். அறுவடை முடிந்ததும் பாதிப் பணத்தைப் போனில் அனுப்பிவிட்டு, வயலின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புகிறார். அறுவடை இயந்திரம் போன தடத்தில் இரண்டு மூன்று கிழவிகள் குனிந்து சிந்தின கதிரைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், தூரத்தில் வாத்துக்காரர் காத்திருக்கிறார்.